களிமண் வைத்து அடைத்த துளைகள்

புஷ்பவல்லி அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். வீட்டுக்காரர்கள் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் கண் சுவரின் உச்சியில் இருக்கும். அங்கே காற்றுத்துளை இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்து காப்பி குடிப்பார். இல்லையென்றால் வாசற்படியிலேயே பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். செந்தூலில் ஒரு புதுமனை விசேஷத்தில் இப்படிச் செய்தபோது, "கோபுர தரிசனம் முடிஞ்சுதா லா" என்று ஒருத்தி கேலி செய்தாள். அக்கா சிரித்து வைத்தார். எனக்குத்தான் அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

அக்கா எனக்கு ஓரகத்தி. அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. பெரியவர் பக்கிரிசாமி ரயில் இஞ்சினில் நிலக்கரி தள்ளும் பயர்மேன். கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். கையால் எழுதலாம் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லோருமாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். முன்னால் ஒரு கூடம், அதற்குப் பின்னால் ஓர் அறை, கடைசியில் அடுப்படி. நான் வாழ்க்கைப்பட்டு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில்.

அந்த வீட்டில் பெரியவர் சம்பாதித்தார். ஆண்டது அவருடைய அக்கா சீதாலெட்சுமி. எங்களுக்கு அண்ணி. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர், பிள்ளை இல்லை, தம்பிகள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவர். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, இன்னும் தீரவில்லை. அதற்காகப் பொய் சொல்லக்கூடாது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அண்ணி தூங்கமாட்டார், சாப்பிடமாட்டார்.

அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. காற்று. கிள்ளான் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இருந்தபோது அவருடைய தங்கை தங்கமணி பிள்ளை பெற்றாள். மழைக்காலம், கதவு சரியாக மூடாத லயம். பச்சை உடம்பில் ஈரக்காற்று பட்டு ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். தங்கமணி கண்டபடி பிதற்றிக்கொண்டே அண்ணி மடியில் கண்ணை மூடினாள். அன்றைக்கு அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் தன் கண்ணெதிரே ஒரு பிள்ளைபெற்றவள்மேல் காற்று படக்கூடாது.

கோலாலம்பூர் வந்த பிறகு இன்னொன்றும் கற்றுக்கொண்டார். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வரும் மலாய்க்காரப் பீடான் ஒருத்தி, பெற்றவள் பக்கத்தில் கணப்பு வைத்துச் சூடு காட்ட வேண்டும், உடம்பு சீக்கிரம் கட்டும் என்று சொன்னாள். அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. கம்பத்து வீடு காலில் நிற்கிற வீடு. தரைப்பலகை இடுக்கு வழியாகக் காற்று மேலே வரும், நெருப்புப் புகை அத்தாப்பு ஓலைக் கூரை வழியாக வெளியே போகும். நம் ஊர்க் குடிசையில் கதவை இழுத்துச் சாத்தினாலும் அப்படித்தான், ஓலை மூச்சுவிடும். அண்ணி என்ன செய்தார் என்றால், நம் ஊர் மூடுகதவையும் கம்பத்துக் கணப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து செங்கல் வீட்டுக்குள் வைத்தார். குவாட்டர்ஸில் நாலு பக்கமும் சுவர், தலைக்கு மேலே பலகை அடித்த மச்சு. அந்த மச்சுக்குக் கீழே சுவரில் வரிசையாக விட்டிருந்த துளைகள் மட்டும்தான் மூச்சு. அந்தத் துளைகளைப் பார்த்ததும் அண்ணிக்குத் தங்கமணி ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவின் முதல் பிரசவம், கோலாலம்பூரில் பெருவெள்ளம் வந்ததற்கு முந்திய வருஷம். ஆண் குழந்தை. அண்ணி தம்பியைக் கூப்பிட்டுத் துளைகளில் சாக்குத்துணி திணிக்கச் சொன்னார். பெரியவர் தன் அக்கா சொல் தட்டாதவர். பெஞ்சு போட்டு ஏறித் திணித்தார். ஜன்னல் மூடியாயிற்று. கதவு சாத்தியாயிற்று. கணப்புச் சட்டியில் அடுப்புக்கரி கனன்றது. குழந்தைக்கு மச்சு விட்டத்தில் தூளி கட்டினார்கள். கீழே பூச்சி பொட்டு ஊரும், தரைக்குளிர்ச்சி ஏறும் என்று தூளியை நல்ல உயரத்தில், நின்றுகொண்டு ஆட்டினால் கைக்கு வாகாக இருக்கும்படி கட்டினார் அண்ணி. அக்காவுக்குத் தரையில் பாய்.

பெயர் வைக்கும் முன்பே அது நடந்தது. ஒரு பிற்பகல் அக்காவுக்குத் தலை வெடித்துவிடுவது போல வலி, குமட்டல். அண்ணி அடுப்படியில் இருந்தார். அக்கா தரையோடு தவழ்ந்துபோய்க் கதவை ஒரு கை அகலம் திறந்து, அந்த இடுக்கில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டார். எப்போது கண் அயர்ந்தாரோ தெரியாது. அண்ணியின் அலறலில்தான் விழித்தார். தூளியில் குழந்தை செத்துக் கிடந்தது. முகம் செக்கச்செவேல் என்று, நன்றாகத் தூங்குகிற பிள்ளை போல இருந்ததாம்.

திறந்த கதவு, செத்த குழந்தை. அண்ணிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கதவைத் திறந்து காற்றை உள்ளே விட்டுவிட்டாள் என்றார். அக்கம்பக்கம் அதையே சொன்னது. இதில் எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், அக்காவும் அதை நம்பினார். தலைவலி பொறுக்க முடியாமல் பெற்ற பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று அடுத்த பிரசவம் வரைக்கும் தினமும் நினைத்தாராம். கோயிலுக்குப் போனால் உள்ளே போகமாட்டார், வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

வெள்ளம் வந்து வடிந்து, அடுத்த மழைக்காலத்தில் இரண்டாவது பிள்ளை. பெண். இந்தத் தடவை அண்ணி இரண்டு மடங்கு கவனம். பிரிக்பீல்ட்ஸில் களிமண்ணுக்கா பஞ்சம்? செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து ஒரு வாளி மண் வரவழைத்தார். துளைகளில் சாக்கைத் திணித்து அதன்மேல் களிமண் அப்பினார் பெரியவர். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி போட்டார்கள். தாழ்ப்பாள் அறைக்கு உள்ளே இருந்தால்தானே இவள் திறப்பாள் என்பது அண்ணியின் கணக்கு. அக்காவோ, பூட்டி வைக்க வேண்டியவள்தான் நான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அறையில் படுத்துக் கிடப்பதைத் தவிர வேலை இல்லை. ஜன்னல் மூடியிருந்ததால் பகலும் மங்கல்தான். பேச ஆள் இல்லை. பெரியவர் தீட்டு என்று வாசல் தாண்டி வரமாட்டார். பார்ப்பதற்கு இருந்தது கணப்பும், அதன்மேல் வைத்த சீரகத்தண்ணீர்ப் பானையும், குழந்தையைக் குளிப்பாட்டியதும் அண்ணி போடும் சாம்பிராணியும்தான். அக்கா இவற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

சீரகம் பானைக்குள் சும்மா இருப்பதில்லை. அடியில் சூடு ஏற ஏற நடுவில் இருக்கிற தண்ணீர் மேலே எழும்பும், அதோடு சீரகமும் மேலே வரும். வந்து விளிம்புப் பக்கம் ஒதுங்கும். அங்கே கொஞ்சம் ஆறிப் பக்கவாட்டில் கீழே இறங்கும். அடிக்குப் போய்ச் சூடுபட்டு மறுபடி நடுவில் ஏறும். ஒரே சீரகத்தைக் கண்ணால் பிடித்துவைத்து அது எத்தனை தரம் சுற்றுகிறது என்று பார்ப்பாராம். எத்தனை சுற்றினாலும் அதே பானைதான். "என்னையப் பாத்த மாதிரியே இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு ஒருநாள் சாம்பிராணிப் புகையும் அதே காரியத்தைச் செய்வதைக் கண்டார். கணப்பிலிருந்து நேரே மேலே போகும். மச்சுப்பலகையில் முட்டும். போக வழி தெரியாமல் பலகை நெடுகப் பரவும். மழையில் நனைந்து குளிர்ந்திருந்த வெளிச்சுவரை ஒட்டிக் கொஞ்சம் கீழே வழியும். தரையோரம் இருந்த காற்று கணப்பை நோக்கி நகரும். சாம்பல் துகள்கள் அந்தப் பக்கமாகச் சாய்வதில் அது தெரிந்தது. சூடானது லேசாகி ஏறுகிறது, குளிர்ந்தது கனத்து இறங்கி அந்த இடத்துக்கு வருகிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு வெப்பச்சலனம் என்று பெயர். தண்ணீரானாலும் காற்றானாலும் சூட்டைத் தூக்கிக்கொண்டு தானே நடந்துபோகுமாம். அக்காவுக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, அந்தப் பெயரும் தெரியாது. புகை வெளியே போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கதவடியில் ஒரு விரல் இடுக்கு இருந்தது, அதன் வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்தது. ஆனால் மேலே ஏறிய சூடும் புகையும் ஏறிய இடத்திலேயே தேங்கி, நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே கீழே இறங்கின. மச்சுக்குக் கீழே இன்னொரு மச்சு கட்டினாற்போல இருக்கும் என்பார்.

அந்த இரண்டாவது மச்சுக்குள்தான் தூளி தொங்கியது.

அக்கா முதலில் குழந்தையைக் கீழே எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அண்ணி வந்து பார்த்துப் பதறிப்போனார். தரைக்குளிர்ச்சியில் போடுகிறாயே, ஒன்றைத் தின்றது போதாதா என்று கேட்டுவிட்டு, குழந்தையை மறுபடி தூளியில் ஏற்றினார். கண்ணால் கண்டதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தால், கதவைத் திறந்தவள் என்ற பட்டம் முன்னால் வந்து நின்றது. தான் நினைப்பது சரியாக இருந்தால் குழந்தை செத்துப்போகும். தப்பாக இருந்து கீழே போட்டாலும் செத்துப்போகும். எதைச் செய்தாலும் கொலைகாரி என்று தோன்றியதாம். அண்ணி போனதும் எடுப்பார், காலடிச் சத்தம் கேட்டால் பழையபடி தூளியில் போடுவார்.

அப்படியிருக்க ஒரு பிற்பகல் பேய்மழை பிடித்தது. குளிர் ஏறுகிறதே என்று அண்ணி வந்து கணப்பில் கரியை அள்ளிப் போட்டு, சாம்பிராணியும் தூவி, குழந்தையைத் தூளியில் இறுக்கிப் போட்டு, கதவைச் சாத்திக் கொண்டி மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அக்கா அசந்திருந்தார். கண் விழித்தபோது தலையில் அதே வலி. நெற்றிப்பொட்டில் ஆரம்பித்துப் பின்மண்டைக்குப் போகிற, முதல் குழந்தை செத்த அன்றைக்கு வந்த அதே வலி. அண்ணாந்து பார்த்தார். தூளி தெரியவில்லை. புகை அதை மூடியிருந்தது.

எழுந்து நின்றாராம். முழங்காலுக்குக் கீழே சிலுசிலுவென்று இருந்தது, முகத்தில் அனல் அடித்தது. ஒரே அறைக்குள் காலுக்கு ஒரு காற்று, தலைக்கு ஒரு காற்று. அந்த நொடியில் அவருக்கு இரண்டும் சேர்ந்து புரிந்தது. இந்தக் குழந்தைக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதும், அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்பதும். கதவிடுக்கில் முகம் வைத்துக் கீழே கிடந்த தாய் பிழைத்தாள், மேலே தொங்கிய பிள்ளை போய்விட்டது. காற்று உள்ளே வந்ததால் அல்ல.

தூளியிலிருந்து எடுத்த குழந்தை துணி மாதிரித் துவண்டது. கன்னம் சிவந்திருந்தது. அக்கா கதவைத் தள்ளினார், கொண்டி பிடித்தது. கூப்பிட்டார், ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சீரகத்தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கணப்பில் கவிழ்த்தார். சாம்பலும் ஆவியும் எழுந்து அறையே இருண்டது. பிறகு தரையில் குப்புற விழுந்து, குழந்தையின் மூக்கைக் கதவடி இடுக்கில் வைத்து, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, மறு கையில் பித்தளைச் செம்பால் கதவை இடித்தார். இடித்துக்கொண்டே இருந்தார். அடுப்படிக் கூரையில் மழை இரைந்ததில் அண்ணிக்கு அது கேட்கவில்லை; விறகு வெட்டுகிற சத்தம் என்று பக்கத்து வீட்டில் நினைத்தார்களாம்.

கொண்டியை எடுத்தது பெரியவர். வேலை முடிந்து, கரி பூசிய சட்டையோடு மழையில் நனைந்து வந்தவர், தீட்டு கீட்டு எதையும் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கி வாசலுக்கு ஓடினார். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. முதலில் ஒரு விக்கல். பிறகு கொஞ்சம் வாந்தி. அதன் பிறகு அழுதது. அந்த அழுகையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அக்கா குரல் மாறிவிடும்.

அண்ணி ஓடி வந்து, பச்சைப்பிள்ளையை மழைக்காற்றில் வைத்திருக்கிறாயே என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலையின் மேல்பாதியில் புகை வெளியே உருண்டு வந்தது. கீழ்பாதியில், தரையோடு, வெளிக்காற்று உள்ளே போனது; அக்காவின் முந்தானை நுனி அறைக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது. தினமும் இஞ்சினின் நெருப்புப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற மனிதர். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் நெருப்பு எப்படித் திணறும், புகை எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்குப் போட்டிருந்த மூளையை வீட்டுக்கு எடுத்து வராதது ஒன்றுதான் குறை. தலையைத் தூக்கித் தன் கையால் களிமண் அப்பிய துளைகளைப் பார்த்தார். இரும்புக்கம்பி ஒன்றை எடுத்துவந்து, பெஞ்சில் ஏறி, ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்தார்.

அண்ணி சண்டைக்கு நின்றார். பெரியவர் ஆயுளில் முதல் தடவையாகத் தன் அக்காவிடம் பொய் சொன்னார். ரயில்வே வெள்ளைக்காரத் துரை குவாட்டர்ஸைச் சோதனை போட வருகிறார், துளை அடைத்திருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்றார். துரை என்றதும் அண்ணி வாயை மூடிக்கொண்டார். காற்றுக்கு அடுத்தபடியாக அவர் பயந்தது துரைக்கு. கணப்பும் அன்றோடு போயிற்று.

சாயங்காலம் மழை விட்டது. அண்ணி கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோயிருந்தார். அக்கா அறைக்குள் கதவோரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் கூடத்துக்கு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்.

"புஷ்பம். போன தடவையும் நாந்தான் அடைச்சேன்."

"தெரியும்."

அவர் அழுகிறார் என்பது மூச்சில் தெரிந்ததாம்.

"அக்காகிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டாங்க."

"அப்ப நான்?" என்று கேட்டார் அக்கா.

அதற்குப் பெரியவர் பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் எந்த நாளும் சொல்லவில்லை.

குழந்தைக்குப் பவுனம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பவுனு மளமளவென்று வளர்ந்து, நான் அந்த வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். வீட்டில் துளை திறந்திருந்தது. அக்காவின் வாய்தான் அடைபட்டிருந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் அண்ணி போய் உட்கார்ந்து, "எங்க வீட்டுல ஒருத்தி கதவத் தொறந்து மொதப் புள்ளையப் பறிகொடுத்தா" என்று புத்தி சொல்லுவார். அக்காவை வைத்துக்கொண்டே சொல்லுவார். அக்கா வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

முப்பத்தாறில் எனக்குத் தலைப்பிரசவம். அதே அறை. அக்கா தூளியைத் தாழக் கட்டினார், துளைகளைத் தானே ஏறித் துடைத்தார். அண்ணி முணுமுணுத்துவிட்டு வெளியே போனதும், துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் பாயோரம் உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அண்ணியிடம் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணி படுக்கையில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. அதே அறையில்தான் போட்டிருந்தோம். ஜன்னலைச் சாத்தச் சொன்னார், அக்கா சாத்தினார். மலம் ஜலம் எடுத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அக்காதான். கடைசியாக நினைவு தெளிவாக இருந்த ஒரு காலையில் அக்காவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் நிலைப்படியில் நின்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில்.

"புஷ்பம். மொதப் புள்ள விஷயத்துல ஒன்னைய நெறையப் பேசிட்டேன். ஏதோ அறியாத வயசு, கதவத் தொறந்துட்ட. அத நான் மன்னிச்சிட்டேன். நீயும் இனிமே மனசுல வெச்சுக்காத."

நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரும்பிப் பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரில் கை கழுவ ஆரம்பித்தார்.

"சரிங்க அண்ணி" என்றார் அக்கா. தலையணையைச் சரிசெய்து கொடுத்தார்.

இரண்டாம் நாள் அண்ணி போய்விட்டார். காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிப் போன பிறகு, பாத்திரம் துலக்குகிற இடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வாங்கிய பேச்சுக்கு மேல் மன்னிப்பு வேறு வாங்கிக்கொண்டு நின்றீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கையில் இருந்த குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினார்.

"அவங்களுக்குப் புருசனா, புள்ளையா? நாஞ் சொன்னா அத எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க? வெளிய போக வழியில்லாத எடத்துல நெருப்பக் கொண்டுபோய் வெக்கக் கூடாதுடி."

"ஒங்களுக்கு மட்டும் எங்க வழி இருந்துச்சுக்கா?"

"ஒங்கிட்ட சொன்னேன்ல" என்றார் அக்கா.